பயம் என்று எழுதாத கடிதம்

என் நோட்டுப் புத்தகத்தின் முதல் வரி "பிட்டர்லி கோல்ட்". பக்கத்தில் தமிழில் "கசக்கும்படியான குளிர்" என்று எழுதி வைத்திருந்தேன். மலாக்காவில் பிறந்து வளர்ந்தவளுக்குக் குளிர் எங்கே தெரியும்? விடிய விடிய மழை பெய்த காலையில் தொட்டித் தண்ணீரை மேலே ஊற்றிக் கொண்டால் உடம்பு ஒரு தடவை சிலிர்க்கும், அவ்வளவுதான். அது கசக்கவும் இல்லை, இனிக்கவும் இல்லை. இருந்தாலும் மனப்பாடம் செய்தேன்.

மலாக்கா டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த மதருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. குணத்தைச் சொல்லும் சொல்லைத் தனியாக வெளியே அனுப்பக் கூடாது. முன்னால் ஒரு துணைச் சொல் போக வேண்டும். அதுவும் கண்ட துணை கூடாது, அதற்கென்று அமைந்ததுதான் வேண்டும். நன்றி என்றால் "டீப்லி கிரேட்ஃபுல்". தடை என்றால் "ஸ்டிரிக்ட்லி ஃபர்பிடன்". மாற்றிச் சேர்த்தால் மதர் முகத்தைச் சுளிப்பார். எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. நம்மிடமும் இருக்கிறதே, கறுப்பு என்றால் கன்னங்கரேல், சிவப்பு என்றால் செக்கச்செவேல். கன்னஞ்செவேல் என்று யாராவது சொன்னால் நாமும்தான் சிரிப்போம். அந்த ஜோடிகளை ஒரு நோட்டில் சேர்க்க ஆரம்பித்தேன். மற்ற பெண்கள் ரிப்பனும் வளையலும் சேர்த்தார்கள். எனக்கு வாய்த்தது இது.

இருபத்தொரு வயதில் டிரஸ்ஸர் ஒருவருக்கு என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். டிரஸ்ஸர் என்றால் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர். டுரியான் துங்கால் ஊரைத் தாண்டி உள்ளே போகும் செம்மண் சாலையின் கடைசியில் அவர் வேலை பார்த்த ரப்பர் எஸ்டேட். அதற்கு அப்புறம் காடுதான். அங்கிருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆள் இல்லை என்று என்னைச் சேர்த்துக் கொண்டார்கள். டீச்சருக்கு இங்கிலீஷ் எழுத வருமாம் என்ற செய்தி ஒரே வாரத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த லயமெல்லாம் பரவி விட்டது. அதன் பிறகு யாருக்கு மனு எழுத வேண்டியிருந்தாலும் என் வீட்டு வாசலுக்குத்தான் வந்தார்கள். ஒழுகும் கூரைக்கு ஒரு கடிதம், உம்பாயில் அக்கா மகள் கல்யாணத்துக்கு லீவு கேட்டு ஒரு கடிதம். கைம்மாறாக முருங்கைக்காயும் முட்டையும் வரும். நான் அந்த மனுக்களுக்கெல்லாம் நகை நட்டுப் போட்டு அனுப்புவேன். கூரை வெறுமனே ஒழுகியதாக ஒரு நாளும் எழுதியதில்லை. எனக்கு அப்போது தலைக்கனம் கொஞ்சம் கூடுதல்தான்.

இது, மலாயாவில் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரர்கள் எமர்ஜென்சி போட்ட மூன்றாவது வருஷம். லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களை அந்தக் கேட்டில் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பிடி அரிசி மடியில் இருந்தாலும் அது காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போகிறது என்று கேஸ். பெண்களைச் சோதிக்க ஒரு பெண். கொண்டையைக்கூட அவிழ்க்கச் சொல்வாள். வெளியே யார் போனார், எத்தனை மணிக்குத் திரும்பினார் என்று எல்லாம் கேட் புத்தகத்தில் ஏறும். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தவர்களைக் கம்யூனிஸ்ட் என்று யாரும் வாய் விட்டுச் சொல்ல மாட்டோம். "உள்ள இருக்கிறவங்க" என்போம். அவர்கள் வந்து அரிசி கேட்டுக் கொடுக்காவிட்டால் அவர்கள் விட மாட்டார்கள். கொடுத்தால் மாத்தா விட மாட்டார்கள். போலீஸ்காரர்களை நாங்கள் மாத்தா என்றுதான் சொல்வோம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பக்கத்து எஸ்டேட்டில் வேலையை மேற்பார்த்த கண்டக்டரை உள்ளே இருப்பவர்கள் பட்டப்பகலில் சைக்கிளிலிருந்து இறக்கிச் சுட்டிருந்தார்கள். அதிலிருந்து என் கணவர் சைக்கிளை எடுக்கும் போதெல்லாம் அவர் முதுகையே பார்த்துக் கொண்டு நிற்பேன்.

எங்கள் குவார்ட்டர்சுக்குப் பின்னால் இருந்த லயத்தில் ஒரு பால்வெட்டுக்காரர் குடியிருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், நெடு நெடுவென்று இருப்பார், அதிகம் பேச மாட்டார். நான் அவரை அண்ணே என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அவர்களுடைய ஒரே மகள் என் வகுப்பில் முதல் வரிசையில் உட்காருவாள். அவர் ஒரு நாள் மத்தியானம், பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். ரப்பர் பால் வாடை இன்னும் அவர் கையில் இருந்தது.

"டீச்சர், தொரைக்கு ஒரு லெட்டர் எழுதணும். நிரையை மாத்திக் கொடுக்கச் சொல்லி."

தொரை என்றது எஸ்டேட்டை நடத்திய வெள்ளைக்காரரை. தினமும் அவர் வெட்ட வேண்டிய மரங்களின் வரிசையைத்தான் நிரை என்றார். அது காட்டோரத்தில் இருந்தது.

"ஏன்ணே, என்ன விஷயம்?"

திரும்பி வாசலைப் பார்த்துக் கொண்டார். "மூணு நாளா அங்க சப்பாத்துத் தடம் கெடக்கு. நேத்துப் பார்க்கிறேன், மரத்தடியில சாம்பல் சூடு ஆறாம இருக்கு. ஆளுங்க இருக்காங்க டீச்சர். நான் ஒத்தையில வெட்டறேன். எனக்குப் பயமா இருக்கு. பயமா இருக்குன்னு எழுதுங்க, அது போதும்."

"கங்காணிகிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். காலையில பெரட்டுல ஆள் கணக்கு எடுக்கிறப்ப எல்லாருக்கும் முன்னால பயந்தாங்கொள்ளின்னுட்டாரு. சிரிச்சாங்க."

அவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். "ஐ ஆம் அஃப்ரெய்ட்." ஆனால் எனக்கு அந்தச் சொல்லின் மேல் மரியாதை இல்லை. வெள்ளைக்காரர்கள் அதைத் தொட்டதற்கெல்லாம் சொல்வார்கள். "ஐ ஆம் அஃப்ரெய்ட், இன்றைக்கு மீன் இல்லை" என்பார்கள். பயந்தா சொல்கிறார்கள்? இல்லை என்பதை மெத்தென்று சொல்லும் வழி அது. அவர்களுடைய பயச் சொற்கள் எல்லாமே அப்படித்தான். பள்ளிக்கூடத்துப் பரிசளிப்புக்கு வந்த துரைசானி எங்கள் பிள்ளைகளை "ஃப்ரைட்ஃபுலி கிளெவர்" என்றாள். பயங்கரமான கெட்டிக்காரப் பிள்ளைகளாம். அதைச் சொல்லும்போது கேக் தின்று கொண்டிருந்தாள். அப்படித் தேய்ந்து போன சொல்லை இந்த மனிதருக்குப் போட்டால் துரை கண்டுகொள்ளவே மாட்டார் என்று நினைத்தேன். இன்னொன்றும் நினைத்தேன், அதையும் சொல்லி விடுகிறேன். வளர்ந்த ஆண்பிள்ளை பயப்படுகிறான் என்று எழுத எனக்கே கூச்சமாக இருந்தது.

பெட்டியிலிருந்து நோட்டை எடுத்தேன். காட்டில் ஆட்கள் இருப்பது இவருக்கு நன்றாகத் தெரிய வந்திருக்கிறது. அதற்கு "ஃபுல்லி அவேர்". இவருடைய நிரை காட்டை ஒட்டிக் கிடக்கிறது. அதற்கு "குளோஸ்லி கனெக்டெட்". இவருக்கு அந்த இடத்தின் மேல் ரொம்பச் சந்தேகம். அதற்கு "ஹைலி சஸ்பிஷியஸ்". நிரையை மாற்ற வேண்டும் என்று தவிக்கிறார். அதற்கு "டெஸ்பரேட்லி ஆங்க்ஷஸ்". நான்கு ஜோடியும் ஒரே கடிதத்தில் வந்து உட்கார்ந்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. உரக்க வாசித்துக் காட்டினேன். அவர் ஒரு சொல்லும் புரியாமல் தலையாட்டினார்.

"பயம்னு போட்டிருக்கீங்களா டீச்சர்?"

"நீங்க சொன்னதைத்தாண்ணே போட்டிருக்கேன்."

தமிழில் கையெழுத்துப் போட்டு, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டு போனார்.

நான்காம் நாள் பால் நிறுக்கிற இடத்துக்கே மாத்தா லாரி வந்தது. வாளியைக் கையில் வைத்துக் கொண்டு வரிசையில் நின்றவரைக் கூட்டிக் கொண்டு போனார்கள். வாளியைக் கீழே வைக்கக்கூட நேரம் கொடுக்கவில்லையாம். பால் சிந்தித் தரையெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். வகுப்பில் அவர் மகள் வாய்ப்பாடு சொல்லிக் கொண்டிருந்தபோது யாரோ ஜன்னலோரம் வந்து அவளைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து போகும் போது எனக்கு எதுவும் தெரியாது.

சாயங்காலம் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி மூலம் சங்கதி வந்தது. துரைக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. காடு என்ற சொல் இருக்கிற எந்தக் காகிதத்தையும் துரை மாத்தாவிடம் கொடுத்தாக வேண்டும் என்பது உத்தரவு. அதில் அந்த ஆள் தன் வாயாலேயே எல்லாவற்றையும் ஒப்புக் கொண்டிருக்கிறானாம். "என்னத்தை ஒப்புக்கிட்டான்?" என்று என் கணவர் கேட்டிருக்கிறார். கடிதத்தில் இருந்ததைக் கிராணி விரல் விட்டுச் சொல்லியிருக்கிறார். காட்டில் இருப்பவர்களை எனக்கு முழுக்கத் தெரியும். எனக்கும் அவர்களுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. நான் மிகவும் சந்தேகத்துக்குரியவன். என்னை உடனே அங்கிருந்து மாற்றி விடுங்கள், இல்லாவிட்டால் ஆபத்து.

என் கணவர் அதை என்னிடம் சொல்லிக் கொண்டிருக்கும்போதே எங்கே தவறினேன் என்று எனக்குப் புரிந்து விட்டது. சஸ்பிஷியஸ் என்ற அந்தப் பாழாய்ப் போன சொல்லுக்கு இரண்டு முகம். சந்தேகப்படுகிறவனும் சஸ்பிஷியஸ், சந்தேகத்துக்கு ஆளானவனும் சஸ்பிஷியஸ். தமிழில் அவன் வேறு, இவன் வேறு. மதர் எனக்கு ஜோடி சேர்க்கக் கற்றுக் கொடுத்தார். அந்த ஜோடி யார் வீட்டுக்குள் போய் என்ன செய்யும் என்று கற்றுக் கொடுக்கவில்லை.

"நீதானே எழுதினே?" என்றார் அவர்.

தலையாட்டினேன்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே."

மறுநாள் பெரட்டுக் களத்தில் டிடெக்டிவ் ஒருவர் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். அவரும் தமிழர்தான், மலாக்கா டவுனிலிருந்து வந்திருந்தார், பேச்சில் மலாய்க்காரர்களின் "லா" ஒட்டிக் கொண்டிருந்தது. "இதை எழுதினது யாருன்னு சொல்லுங்க லா. எழுதிக் கொடுத்தவங்களுக்கு ஒண்ணும் வராது" என்றார். ஒன்றும் வராது என்று அவர் சொன்ன மாதிரியிலேயே எல்லாம் வரும் என்று தெரிந்தது. இருநூறு பேர் நின்றார்கள். அதில் பாதிப் பேருக்கு நான் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. அக்கா மட்டும் ஒரு தடவை பார்த்தாள், பிறகு அவளும் தலையைக் குனிந்து கொண்டாள்.

அன்று மத்தியானம் அவள் கிராணியைக் கூட்டிக் கொண்டு துரையைப் பார்க்கப் போனாள். துரை சொன்னது: "ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ கேன் டூ நத்திங்." கிராணி அதை அவளுக்கு அப்படியே பெயர்த்துச் சொல்லி விட்டார். தொரைக்கே பயமா இருக்காம், ஒண்ணும் செய்ய முடியாதாம். ஒரு மணி நேரத்தில் லயம் முழுக்க அதே பேச்சு. துப்பாக்கியும் காரும் கம்பி போட்ட பங்களாவும் வைத்திருக்கிற துரைக்கே பயம் என்றால் நாம் எம்மாத்திரம்? கதவுகள் எல்லாம் வெளிச்சத்திலேயே சாத்திக் கொண்டன. துரைக்குப் பயமில்லை, அது ஒரு பேச்சு வழக்கு என்று சொல்ல அந்த எஸ்டேட்டில் என்னால்தான் முடியும். வாயைத் திறந்தால் எனக்கு இங்கிலீஷ் வரும் என்பது மாத்தா காதுக்குப் போய் விடுமே என்று நான் சொல்லவில்லை.

அக்கா தினமும் சாயங்காலம் என் வீட்டுப் பின்கட்டுக்கு வந்து உட்காருவாள். ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டாள். அவள் ஏசியிருந்தால் எனக்குப் பரவாயில்லை. அண்ணன் மாத்தாவிடம் என்ன சொன்னார் என்பதை மட்டும், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்த ஒரு நாள் சொன்னாள். மலாக்கா பசார் பக்கம் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதுகிற ஒரு கிழவரிடம் எழுதி வாங்கினேன், பேர் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் அடி. அதற்கும் அவர் மாற்றிச் சொல்லவில்லை.

"ஏன்க்கா அப்படிச் சொன்னாரு?"

"உன்னையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டா?" என்றாள். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க நான் பட்ட பயத்தை என்னவென்று சொல்வேன்? நல்லெண்ணத்தில் எழுதினேன் என்று எனக்கே சொல்லிக் கொள்வேன், மறு நிமிஷம் வருகைக் கணக்கு ஞாபகம் வரும். மாதா மாதம் பிள்ளைகள் வருகைக் கணக்கை நான்தான் இங்கிலீஷில் எழுதித் துரைக்கு அனுப்புவேன். அதே பேனா, அதே கை, "எஃப்" எழுத்துக்கு மதர் கற்றுக் கொடுத்த அதே சுழி. அந்தக் காகிதத்தையும் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லி விடும். கரும்பலகையில் எழுதும்போது சுழியை விட்டுவிட்டு எழுதினேன். பிள்ளைகள், "டீச்சர், எழுத்து கோணலா இருக்கு" என்றார்கள். சாலையில் லாரி சத்தம் கேட்டால் சாக்பீஸ் கையிலிருந்து விழுந்து விடும். முதல் வரிசையில் அந்த இடம் காலியாகவே கிடந்தது.

பிறகு நோட்டு ஞாபகம் வந்தது. கடிதத்தின் நகலே அதன் கடைசிப் பக்கத்தில் இருந்தது. மத்தியானம் அடுப்பு எரிந்து கொண்டிருந்தது. என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து சாப்பிட வந்தவர், "இன்னுமா வச்சிருக்கே, அடுப்பில போடு" என்றார். போட்டேன். "பிட்டர்லி கோல்ட்" இருந்த பக்கம் சுருண்டு கறுத்தது. பத்து வருஷத்துச் சேமிப்பு எரிவதில் எனக்கு வருத்தம் வரவில்லை, சீக்கிரம் எரிய மாட்டேன் என்கிறதே என்றுதான் ஆத்திரம் வந்தது. அந்த நேரத்தில் அக்கா ஓடி வந்தாள்.

கேட் புத்தகத்தைப் பார்த்து விட்டார்களாம். அந்த மாதம் முழுக்க அவர் எஸ்டேட்டை விட்டு வெளியே போகவே இல்லை என்று அதில் இருக்கிறது. மலாக்காவில் எழுதியது பொய். ஆகவே யாரையோ மறைக்கிறான். மறைக்கிறவன் உள்ளே இருக்கிறவர்களின் ஆள்தான். தடுப்புக் காவல் முகாமுக்கு அனுப்பி, அங்கிருந்து கப்பலேற்றி இந்தியாவுக்கு விரட்டி விடப் போகிறார்கள். அவர் பிறந்தது இங்கேயே மெர்லிமாவ் பக்கம். இந்தியாவில் அவருக்கு ஒரு மனிதரையும் தெரியாது.

"நாளைக்கு முகாமுக்கு லாரியாம்" என்றாள் அக்கா. அப்போதும் நீ போய்ச் சொல் என்று அவள் கேட்கவில்லை.

நான் அடுப்புக்குள் கையை விட்டு நோட்டை இழுத்தேன். விரல் வெந்து விட்டது. தீயைத் தரையில் தட்டி அணைத்தேன். பாதிக்கு மேல் போய் விட்டிருந்தது. பின்பக்கங்கள் ஓரம் கருகி மிஞ்சியிருந்தன.

"எங்கே போறே?" என்றார் என் கணவர். கேட்டாரே தவிர, அதற்குள் அவர் செருப்பைத் தேடிக் கொண்டிருந்தார். "நில்லு, நானும் வரேன்."

ஸ்டேஷனில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் இருந்தார். என்னைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும். சுவரோரம் அந்த டிடெக்டிவ் நின்றார். என் கணவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்து விட்டார்கள். நான் வழியெல்லாம் இங்கிலீஷில் ஒத்திகை பார்த்துக் கொண்டு வந்திருந்தேன். உள்ளே போனதும் ஒரு சொல்லும் வரவில்லை. கடிதம் மேசை மேல் விரித்தபடி இருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, "மைன்" என்றேன்.

அதிகாரி ஆச்சரியப்படவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தார். என் வருகைக் கணக்கு. இரண்டிலும் "எஃப்" எழுத்துகளைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார்கள். "நாளைக் காலை உங்களைத் தேடி வருவதாக இருந்தோம்" என்றார். டிடெக்டிவ் நாற்காலியை என் பக்கம் தள்ளி, "உட்காருங்க லா, டீச்சர்" என்றார்.

நோட்டை மேசை மேல் வைத்தேன். டிடெக்டிவ் புரட்டி வாசித்தார். "ஹைலி சஸ்பிஷியஸ், மிகுந்த சந்தேகம் கொண்ட. குளோஸ்லி கனெக்டெட், ஒட்டி அமைந்த." அதிகாரிக்கு அதை இங்கிலீஷில் பெயர்த்துச் சொன்னார். அதிகாரி கேட்டுக் கொண்டே கருகிய ஓரத்தை விரலால் தேய்த்தார். விரலில் கரி ஒட்டியது.

"இதை ஏன் எரிக்கப் பார்த்தீர்கள்?"

எனக்குத் தெரிந்த சொற்கள் எத்தனை. ஒத்திகை பார்த்தது எத்தனை. ஒன்றும் வரவில்லை. வெந்த விரலை மற்றக் கையால் பொத்திக் கொண்டேன்.

"ஐ வாஸ் அஃப்ரெய்ட்" என்றேன்.

முன்னால் துணையில்லாமல் அந்தச் சொல் தனியாகத்தான் வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். மீன் இல்லை என்று சொல்கிற முகம் அல்ல அது. பிறகு, "அந்த ஆள் உங்களிடம் தமிழில் என்ன சொன்னான்? அவன் சொன்ன சொல்லையே சொல்லுங்கள்" என்றார்.

"எனக்குப் பயமா இருக்கு, பயமா இருக்குன்னு எழுதுங்க, அது போதும்" என்று நான் தமிழில் சொன்னேன். டிடெக்டிவ் பெயர்ப்பதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக் கொண்டார். அதிகாரி கடிதத்தை மறுபடி வாசித்தார்.

"அப்படியானால் அதையே ஏன் எழுதவில்லை?"

அழகாக இருக்கட்டும் என்று எழுதினேன் என்று எப்படிச் சொல்வது? நான் அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொண்டார். என்னை மாலை வரைக்கும் வைத்திருந்து திரும்பத் திரும்ப அதையே கேட்டு எழுதிக் கொண்டார்கள். சாம்பலும் சப்பாத்துத் தடமும் அப்போதுதான் முதல் முறையாக ஒரு காகிதத்தில் ஏறின. நோட்டை அவர்களே வைத்துக் கொண்டு என்னை வீட்டுக்கு விட்டார்கள்.

அண்ணனை முகாமுக்கு ஏற்றவில்லை, மேலும் ஒன்பது நாள் கழித்து விட்டார்கள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கடைவாயில் இரண்டு பல் இல்லை. துரை என் கணவரைக் கூப்பிட்டு, "டெரிப்லி சாரி அபௌட் ஆல் திஸ்" என்றாராம். பயங்கரமாக வருந்துகிறாராம். அந்த டெரிப்லி அவர் பேச்சில்தான் இருந்தது, முகத்தில் இல்லை என்றார் என் கணவர்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு அண்ணன் வகுப்பு வாசலில் வந்து நின்றார். வாளியும் கத்தியும் கையில் இருந்தன. உள்ளே வரச் சொன்னேன், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வெட்டுக் கத்தி வாளியோரத்தில் பட்டு டக் டக் என்று சத்தம் போட்டது.

"டீச்சர், அந்த லெட்டர்ல என்ன எழுதியிருந்தீங்க? தமிழ்ல சொல்லுங்க. எல்லாரும் கேட்டாங்க, எனக்குத்தான் தெரியாது."

மனப்பாடமாக இருந்தது, சொன்னேன். நான் நினைத்த அர்த்தத்தையும் சொன்னேன், அவர்கள் வாசித்த அர்த்தத்தையும் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார்.

"நல்லா பெருசாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. "ஆனா நான் பயம்னு ஒரு வார்த்தைதானே டீச்சர் சொன்னேன்."

"ஆமாண்ணே."

"நீங்க போட்டிருக்கேன்னு சொன்னீங்க."

மன்னிச்சிடுங்கண்ணே என்றேன். அவர் அதைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை. வாளியைக் காலால் நகர்த்தி வைத்தார்.

"இன்னிக்குக் காலையில பெரட்டுல பேர் கூப்பிட்டாங்க. அதே நிரையைத்தான் மறுபடி கொடுத்திருக்காங்க. காட்டோரம்." கத்தியை வாளிக்குள் வைத்தார். "இன்னொரு லெட்டர் எழுதித் தர்றீங்களா? இந்தத் தடவை பயம்னு மட்டும் போடுங்க."

அந்த மனிதர் மறுபடி என்னிடமேதான் வந்தார். மேசையில் உட்கார்ந்து ஒரு காகிதத்தை எடுத்தேன். பேனாவைத் திறந்தேன். ஒரு கடிதம் என்ன செய்யும் என்று இப்போது எனக்குத் தெரியும். இதையும் அவர்கள் வட்டமிட்டு வைப்பார்கள் என்றும் தெரியும். "அந்த நிரையில் தனியாக வெட்ட இவருக்குப் பயமாக இருக்கிறது. வேறு நிரை கொடுங்கள்." இங்கிலீஷில் எழுதியதும் இரண்டே வரிதான். நிறுத்தி நிறுத்தித் தமிழில் அவருக்கு அர்த்தம் சொன்னேன். ஒவ்வொரு சொல்லையும் விரலால் தொட்டு, "இதுதானே பயம்?" என்று கேட்டுக் கொண்டார்.

அவர் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே, எழுதியவர் என்று என் முழுப் பெயரையும் நான் போட்டேன். "எஃப்" எழுத்துக்குச் சுழியை விடாமல்தான் எழுதியிருந்தேன்.

அவர் அந்தப் பெயரைப் பார்த்தார். "உங்க பேரு எதுக்கு டீச்சர்? அவங்க மறுபடி வந்து உங்களைக் கேட்டா?"

"எனக்கும் பயமாத்தாண்ணே இருக்கு" என்றேன்.